சித்திரப் பள்ளியும் சித்திரகாரரும்

கலைஞன் ஒருவன் பள்ளியில் ஆசிரியனாக அமர்ந்தால் அவன் கலை வளருமா, தேயுமா என்னும் வினா நம் விடுதித் திண்ணையில் அடிக்கடி எழுவதொன்று. கவி புனைவோரும், படம் வரைவோரும், இசை பயில்வோரும் நம்மிடையே உளர். அவருள் பெரும்பாலார் பட்டம் பெற்றபின் ஏதேனும் ஓர் ஊரில் சுண்ணக்கட்டியைக் கையிற் பிடிக்கப் போகின்றவரே. "அன்றோடு தீர்ந்தது உன் கவி" என்று ஒருவர் நகையாடுவதும், நகையாடப்பட்டவர் மறுமொழி காணாது முகம் வாடுவதும் யாம் பலகாற் கண்டவை. ஆதலின் இதனைப் பொழுதுபோக்கு வினாவென்று ஒதுக்குதற்கில்லை. நம்முள் பலருக்கு இஃது இன்னும் ஈராண்டில் விடை கூறவேண்டிய வினாவாம்.

இலக்கணம் பயில்வார்க்கு இவ்வினாவிற்கு ஒரு விடை முன்னரே கிடைத்திருக்கின்றது. நன்னூற் பொதுப்பாயிரத்துள் பவணந்தி முனிவர் ஒருவனுக்குப் புலமை நிரம்பும் வகையைக் கணக்கிட்டே உரைக்கின்றார். ஆசிரியன் கூறியதை முற்றும் அமையக் கொண்டானாயினும் மாணாக்கன் பெறுவது காற்பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுதலால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் உரைக்கும்போதே வந்து எய்தும் என்பது அவர் துணிபு. கல்வியிற் சரிபாதி கற்பித்தலிலே இருக்கின்றது என்று இவ்வளவு அஞ்சாது கூறியவர் வேறெவரேனும் உளரோ யாம் அறியேம். ஆயினும் அக்கணக்குச் சொல்லைக் கருவியாகக் கொண்டார்க்கு வகுத்தது. தூரிகையையும் உளியையும் கருவியாகக் கொண்டார்க்கும் அது செல்லுமோ? ஓவியன் அறிந்தது அவன் கையில் அன்றோ இருக்கின்றது? வாயால் விரித்துரைத்தலால் அவனுக்கு வருவது யாது?

இதனை ஆராய்வதற்குச் சென்னைச் சித்திரப் பள்ளியைக் காட்டிலும் ஏற்ற இடம் தென்னாட்டில் இல்லை. அப்பள்ளி 1850-ஆம் ஆண்டில் அலெக்ஸாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. மருத்துவர் சித்திரப் பள்ளி தொடங்கியது வியப்பாகத் தோன்றலாம். அவர் நோக்கம் அழகுக்கலை மட்டும் அன்று. இந்நாட்டார் கைத்திறனைப் பயன்படு பொருள்களிற் செலுத்தவேண்டும் என்பது அவர் கருத்து. சில ஆண்டுகளில் அரசாங்கத்தாரே அதனை ஏற்று நடத்தலாயினர். ஆதலால் அங்கே படம் வரையும் அறைக்கு அருகிலேயே மரவேலையும், உலோகவேலையும், மட்கலவேலையும் நடந்தன. 1884-இல் தலைமை ஏற்ற ஹாவெல் துரை இந்நாட்டுத் தொழிலாளரின் கைவேலைகளை மதித்து ஆராய்ந்தவர். 1898-இல் சாட்டர்டன் துரையின் முயற்சியால் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் பகுதியும் ஏற்பட்டது. இன்று நம் வீடுகளிற் சோறு வடிக்கும் அலுமினியப் பானையின் குலமுறை கிளத்தின் அது ஒரு சித்திரப் பள்ளியில் வந்து முடியும் என்பது நம்முட் பலர் அறியாத செய்தி. நிற்க.

இப்பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌதுரி ஆவார். 1899-இல் வங்கநாட்டிற் பிறந்து, அவனீந்திரநாத தாகூரிடம் ஓவியம் பயின்ற இவர் 1929-இல் சென்னைக்கு வந்தார். 1957 வரை ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் இங்கேயே பணியாற்றினார். ஓவியராகவும் சிற்பியாகவும் வந்தவர் பெருஞ் சிற்பியாகப் புகழ் பெற்றது இங்கிருந்த காலத்திலேயே. ஆளுயரத்தினும் பெரிய உருவங்களைச் சமைப்பதற்கு இடம் வேண்டும். மண் பிசைவதற்கும் கம்பி வளைப்பதற்கும் துணைக்கைகள் வேண்டும். மணிக்கணக்கில் அசையாது நிற்கவல்ல உடல்கள் வேண்டும். தனித்து வாழும் ஓவியனுக்கு இவை கனவு. பள்ளியில் இருப்பவனுக்கோ கைக்கெட்டும் பொருள்கள். சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். பாறையொன்றை நால்வர் பெயர்க்கின்றனர். அவர்தம் முதுகுத் தசைகளின் முறுக்கம் நூலில் படித்தறிந்தது அன்று. அப்பள்ளியின் இராக் காவற்காரர் ஒருவரும் மாணவர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றனர் என்பது சென்னையில் நன்கு வழங்கும் செய்தி. வாயிலைக் காக்கும் ஒருவரைக் கலைக்குரிய உருவமாகக் காண்பதற்கு அவரை நாடோறும் காணும் வாழ்வு வேண்டும். அரண்மனையில் அமர்ந்து மன்னர் படம் எழுதும் ஓவியனுக்கு அது வாய்ப்பது அரிது.

ஆயினும் ராய் சௌதுரியார் பள்ளியினின்றும் பெற்றது பெரும்பாலும் இடமும் கருவியும் மனிதருமே என்று தோன்றுகின்றது. அவர் வருமுன்னரே அவர்தம் மனம் ஒருவாறு முதிர்ந்திருந்தது. கற்பித்தலாலேயே மனம் மாறிய ஒருவரைக் காணவேண்டின் அவர்தம் மாணாக்கரை நோக்கவேண்டும்.

கே. சி. எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரிற் பிறந்தவர். இளமையிலேயே நீர்வண்ண ஓவியத்திற் கைதேர்ந்தவர். பதினேழாவது வயதிலேயே சென்னைக் கண்காட்சியில் அவர் படங்கள் வைக்கப்பெற்றன. எனினும் குடும்பநிலை காரணமாகத் தந்தி இலாகாவிற் பணிபுரிந்தார். காப்புறுதி முகவராகவும் அலைந்தார். தம் இருபத்தைந்தாவது வயதிலே, 1936-இல், அவ்வேலைகளை உதறிச் சித்திரப் பள்ளியில் மாணாக்கராய்ச் சேர்ந்தார். 1941-இல் அங்கேயே ஆசிரியரானார். 1957-இல் ராய் சௌதுரிக்குப்பின் தலைவரானார். 1967-இல் ஓய்வு பெற்றார். தந்தி அலுவலகமும் மாதச் சம்பளம் தந்தது. சித்திரப் பள்ளியும் மாதச் சம்பளம் தந்தது. முன்னது அவர் ஓவியத்தைத் தொடவில்லை. பின்னது அதனை வேரோடு புரட்டியது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே யாம் ஈண்டு விளக்கப் புகுந்த பொருள்.

ஆசிரியராக அமர்ந்த தொடக்கத்தில் அவர் வரைந்தவை பெரும்பாலும் கேரளநாட்டு நீர்நிலைகளும், தென்னஞ்சோலைகளும், ஓடங்களுமே. கண்டதைக் கண்டவாறு, ஒளி குன்றாது வரைந்த படங்கள். அவற்றைத் தனியே இருந்து வரைந்துகொண்டே வாழ்நாளைக் கழித்திருப்பினும் அவர் நல்ல ஓவியர் எனப் பெயர் பெற்றிருப்பார். ஆனால் வகுப்பில் ஒரு மாணாக்கன் எழுந்து "இம்மரத்தை இவ்வாறு ஏன் வரைதல் வேண்டும்?" என்று கேட்பின், "என் கை அவ்வாறு சென்றது" என்பது விடையாகாது. தனித்து வரைவோனுக்குக் காரணம் கூறவேண்டிய கடன் இல்லை, கற்பிப்போனுக்கு உண்டு. காரணம் தேடப் புகுந்தவன் தன் படத்தையே ஐயுறத் தொடங்குகின்றான். ஐயம் பிறந்தபின் பழைய படத்தையே மீண்டும் வரைய அவன் மனம் ஒவ்வாது. பவணந்தியார் கூறிய அரைப்பங்கு ஓவியனுக்கு இவ்வழியாகவே வந்து சேர்கின்றது என்பது எம் கருத்து.

பணிக்கருக்கு வந்த ஐயம் சிறியதன்று. 1944-இல் தம் மாணாக்கரும் நண்பருமாகிய இளைஞரோடு கூடி முற்போக்கு ஓவியர் சங்கம் ஒன்றை நிறுவினார். நாடு விடுதலை பெற்றபின் அவ்விளைஞர் எழுப்பிய வினா ஒன்றே: யாம் வரைவது யாருடைய ஓவியம்? ஆங்கிலேயர் கற்பித்த முறை அவருடையது. வங்கத்தார் முறை வங்கத்தாருடையது. பாரிஸ் நகரத்துப் புதுமுறை அந்நகரத்தாருடையது. நம்முடையது யாது? 1954-இல் பணிக்கர் ஐரோப்பாவிற்குச் சென்று தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்குள்ள பெரு நகரங்களைக் கண்டு மீண்டவருக்கு இவ்வினா முன்னினும் கூர்மையாயிற்று. தனி ஓவியனுக்கு இஃது இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் ஒரு கவலை. பள்ளித் தலைவனுக்கோ காலையிலேயே விடை தரவேண்டிய பாடத்திட்டம்! முதலாண்டில் வந்து சேரும் பையன் எதனைப் பார்த்து வரைவது? கிரேக்கச் சிலையின் சுண்ணாம்புப் படியையா, மாமல்லபுரத்துப் பாறையையா? வண்ணமும் நிழலும் முன்னர்க் கற்பதா, கோடு முன்னர்க் கற்பதா? பிறர்க்கு வழிகாட்டவேண்டிய இக்கட்டே அவரைத் தம் வழியைத் தேடச் செய்தது. பிற்காலத்தில் சென்னை ஓவியரின் தனிச்சிறப்பாக எல்லோரும் கூறும் கோட்டின் ஆட்சி அக்காலத்து வகுப்பறைகளில் வேரூன்றியதே.

1963-இல் பணிக்கர் வாழ்விற் பெருந்திருப்பம் நேர்ந்தது. வணிகவியல் பயிலும் மாணவன் ஒருவனது கணக்குக் குறிப்பேட்டின் பக்கங்கள் அவர் கண்ணிற் பட்டன. எண்கள், எழுத்துகள், கட்டங்கள், குறுக்கும் நெடுக்குமான கோடுகள் ஆகியவை நிரம்பியிருந்தன. பிறருக்கு அது வெறும் கணக்கு. அவருக்கோ, பொருளை நீக்கிப் பார்ப்பின் அஃது ஓர் ஓவியமாகத் தோன்றிற்று. அன்று தொடங்கியதே 'சொல்லும் குறியும்' எனப்படும் ஓவிய வரிசை. ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், மலையாள எழுத்துப் போன்ற வரிகள், மீனும் பறவையும் பாம்பும் போன்ற சிற்றுருவங்கள், எக்கணிதத்திற்கும் கட்டுப்படாத எண்கள் ஆகியன அப்படங்களில் நெருங்கி நிற்கும். அக்குறிப்பேடு ஓவிய மாணவனுடையதுகூட அன்று என்பதை நோக்குக. கற்பிக்கும் தொழில் அவரை அங்கே கொண்டு சேர்த்தது என்று அறுதியிட்டுக் கூறுதற்கு இல்லை. ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகள் இளைஞரின் தாள்களையே புரட்டிப் பழகிய கண்ணுக்கன்றி வேறெக்கண்ணுக்கு ஒரு பையனின் கணக்கேடு நின்று நோக்கத்தக்கதாகத் தோன்றும்?

தமிழ் பயில்வாராகிய யாம் இவ்வரிசைப் படமொன்றின் முன் முதன்முறை நின்றபோது, பழக்க மிகுதியால் அதனைப் படிக்கவே முயன்றோம். கண் இடத்தினின்று வலமாக ஓடிற்று. ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. மலையாளம் அறிந்த நண்பர் ஒருவர் உடனிருந்தார், அவருக்கும் அவ்வாறே. பொருள் தாராத எழுத்தென்பது எமக்கு இலக்கணத்தோடு முரணுவதொன்றாகத் தோன்றிற்று. சிறிது நேரஞ் சென்றபின்னரே, எழுத்தென்பதற்கு ஒலிவடிவேயன்றி வரிவடிவமும் உண்டென்று நாம் பாடங்கேட்டது நினைவிற்கு வந்தது. வரிவடிவத்தை மட்டும் தனியே வைத்து அழகு பார்க்கலாம் என்பதை எந்த உரையாசிரியரும் எமக்குக் கூறியதில்லை. திருவனந்தபுரத்து அருங்காட்சி வளாகத்திற் பணிக்கரின் ஓவியங்களுக்கெனவே ஒரு கூடம் இருக்கின்றது. அங்குச் செல்லும் வாய்ப்புடையார் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆசையை வாயிலில் விட்டுச் செல்வாராக.

உடன் பயில்வாரோடு பழகுதலால் வரும் காற்பங்கைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். எஸ். தனபால் ஓவிய மாணாக்கராகவே அப்பள்ளியிற் புகுந்தவர். பின்னர்ச் சிற்பத்தின்பால் திரும்பி, சிற்பப் பகுதிக்குத் தலைவராகி, 1970-களில் அக்கல்லூரிக்கே முதல்வராக விளங்கினார். அவர் வடித்த ஔவையார் உருவம் நம் பாடநூல்களிற் காணும் கூன்கிழவியல்லள். கோடே உருவாகி நின்றாற்போன்ற மெலிந்த வடிவினள். தூரிகை பிடிக்க வந்தவர் மண்ணைப் பிசைய நேர்ந்தது இரண்டும் ஒரே மதிலுக்குள் இருந்தமையால் அன்றோ? பி. வி. ஜானகிராம் என்பாரோ அங்கே பயின்று, கோயில் மூர்த்தங்களுக்குச் சாத்தும் கவசம் போலச் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டிச் சிற்பமாக்கினார். சிற்பமென்றால் கல்லும் வெண்கலமுமே என்றிருந்த நாளில், தகடு தட்டும் கொட்டோசையைக் கேட்டு வளர்ந்த கலை அது. ஹண்டர் நாளில் பயன்கருதி வைத்த பட்டறைகள் நூறாண்டு கழித்து வேறு பயன் தந்தன. தமிழிலக்கிய உலகிற்கும் அப்பள்ளியின் ஒரு வாய்க்கால் பாய்ந்தது. அங்குப் பயின்ற ஆதிமூலம் முதலிய இளைஞரின் கோட்டோவியங்கள் 'நடை', 'கசடதபற' போன்ற சிற்றேடுகளுக்குப் புதுமுகம் தந்தன. அதுவரை கதைக்குப் படமென்றால் கதையில் வருவதையே மீண்டும் வரைவதாக இருந்தது.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, ஆசிரியத் தொழில் கலைஞனுக்குக் காமதேனு என்று எவரும் மயங்கற்க. யாம் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். வாரத்திற்கு ஒரு பாடவேளை அவருடையது; தேர்வு நெருங்கினால் அதனையும் கணக்காசிரியர் எடுத்துக்கொள்வார். ஆண்டுவிழாவிற்குத் திரை எழுதுவது, தலைவர் வருகைக்கு வரவேற்புப் பலகை எழுதுவது, நாற்காலிகளின் முதுகில் எண் இடுவது ஆகியவை அவர் மேல் விழுந்த பணிகள். அவர் வகுப்பிற்கு வருமுன் கரும்பலகையில் விளையாட்டாக வரையும் யானை எம் கண்ணில் இன்றும் நிற்கின்றது. ஒரே கோட்டில் தும்பிக்கையினின்று வால் வரை சென்று முடியும். அதனை அவர் தாமே துடைத்துவிட்டுக் குவளையும் வாழைப்பழமும் வரையச் சொல்வார். ஏனெனில் தேர்வில் வருவது குவளையே. அவரிடம் "ஏன்?" என்று கேட்ட மாணாக்கன் ஒருவனும் இல்லை, அவரோடு பேசுதற்கு மற்றோர் ஓவியரும் அங்கில்லை. பவணந்தியார் கணக்கில் அரைப்பங்கும் காற்பங்கும் அவருக்கு அடைபட்டே போயின. தவறு தொழிலில் இல்லை. துறை என ஒன்று இல்லாமையில் இருக்கின்றது. ஓர் ஆசிரியர், ஒரு வண்ணப்பெட்டி, பூட்டிய அலமாரி ஆகிய இவை கூடித் துறை ஆகா.

சிறிய பள்ளியாயினும் துறை அமைந்துவிடின் நிலை வேறு. சென்னைப் பள்ளியிற் பயின்ற கே. சீனிவாசுலு அடையாற்றில் ருக்மிணி தேவி அம்மையார் நிறுவிய கலாக்ஷேத்திரத்தின் ஓவியப் பகுதியிற் பணியாற்றினார். ஆடலும், பாடலும், நெசவும் சூழ்ந்த இடம் அது. நாட்டுப்புறப் பொம்மை, தோற்பாவை, லேபாட்சிக் கோயிற் சுவரோவியம் ஆகியவற்றின் தடிப்பான கோடும் விரிந்த கண்ணும் அவர் படங்களில் இயல்பாக வந்தமர்ந்தன. தலைநகரின் பெரிய கலைப்பள்ளியில் இல்லாமலே அவர் தமக்கென ஒரு முறையைக் கண்டார்.

இத்தகைய இடங்கள் எத்தனைபேருக்குக் கிட்டும்? இதனைப் பணிக்கரே நன்குணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செயலே சான்று. ஆண்டுதோறும் அவர் பள்ளியினின்று வெளிவந்த இளைஞருக்கு இருந்த ஆசிரியப் பதவிகளோ மிகச் சில. படம் விற்று வாழ்தல் அந்நாளில் நடவாத காரியம். எஞ்சியவர் விளம்பர நிலையத்திலோ வேறு அலுவலகத்திலோ புகுந்து தூரிகையை மறப்பதே வழக்கமாயிருந்தது. தாம் பதவியால் வளர்ந்தவராயினும், பதவியில்லாதார் வளர்வதற்கு வழி யாதென்று அவர் சிந்தித்தார். 1963-இல் ஓவியர் கைத்தொழிற் சங்கம் ஒன்று தோன்றியது. அவர்கள் மேற்கொண்ட தொழில்களுள் முதன்மையானது பாத்திக் என்னும் துணியோவியம். உருக்கிய மெழுகைத் துணியில் வேண்டிய இடத்திற் பூசிச் சாயத்தில் தோய்த்தால் மெழுகு படிந்த இடத்தில் நிறம் ஏறாது. மெழுகு வெடித்த இடங்களில் மட்டும் சாயம் நூலிழைபோல் ஊடுருவிச் செல்லும். பின்னர்ச் சுடுநீரில் மெழுகை நீக்கி, அடுத்த நிறத்திற்கு மீண்டும் மெழுகு இடவேண்டும். பள்ளியிற் கோடும் வண்ணமும் பயின்ற கைக்கு இது தொலைவானதன்று. ஓவியத்தை வாங்காத வீட்டாரும் அழகிய துணியை வாங்குவர்.

அத்துணிகளை விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டே அவர்கள் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்திற் கடலோரமாக மணல்நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் ஊர் அங்கே பிறந்தது. ஏறத்தாழ முப்பது நாற்பது கலைஞர் கூடிக் குடிசை கட்டிக்கொண்டு, பகலில் ஒரு பொழுது கைத்தொழிலும் மற்றொரு பொழுது தம் கலையுமாக வாழலாயினர். அங்கு ஆசிரியரும் இல்லை, மாணாக்கரும் இல்லை. மணி அடிப்பாரும் இல்லை. ஆனால் ஒருவர் படத்தை மற்றொருவர் வந்து பார்த்து "ஏன்?" என்று கேட்பது மட்டும் இருந்தது. பள்ளியிற் பெற்றவற்றுள் அதனைத்தான் அவர்கள் எடுத்துச் சென்றனர் போலும்.

மறு ஆண்டு ஓய்வு பெற்ற பணிக்கர் அவ்வூரிலேயே வந்து தங்கினார். அவர்தம் மகனார் எஸ். நந்தகோபாலும் செம்பும் பித்தளையும் இணைத்துச் சிற்பம் செய்பவராக அங்கே வளர்ந்தார். பணிக்கர் 1977-இல் மறையுமளவும் எழுத்தும் கட்டமும் நிரம்பிய அப்படங்களையே வரைந்து வந்தார்.